தேங்காய் எண்ணெய்க் கயிறு

மாட் நூர் பால் டின்னின் மூடியைத் திறந்தான். உள்ளே தேங்காய் எண்ணெய். மழைக்காலத்துக் காலைக் குளிரில் பாதி உறைந்து, ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது.

கேட் வரிசையில் நான் அண்ணனுக்குப் பின்னால் நின்றேன். சோதனைக்காகப் பெண்களைத் தடவிப் பார்க்கிற அம்மா இன்னும் என்னிடம் வரவில்லை. அண்ணனின் சைக்கிள் ஹேண்டிலில் ஒரு சாக்குப் பை தொங்கியது. அதில் பருத்திக் கயிறு சுருள் சுருளாகக் கிடந்தது. அதுவும் வெள்ளை.

“ஆப்பா இனி, மாரி?” இது என்ன என்று கேட்டான் மாட் நூர்.

“பம்புக்கு லா. கயிறு ஊற வைக்க. எப்பவும் கொண்டு போறதுதான்.”

“எப்பவும் கறுப்பா இருக்குமே.”

“கறுப்புப் பொடி தீந்துபோச்சு. ஈய லம்பத்துல இன்னிக்குக் குடுப்பாங்க. அங்க போய்க் கலந்துக்குவேன்.”

கேட்டில் காவல் நிற்கிற போலீஸ்காரன் மாட் நூர், பக்கத்து மலாய்க் கம்போங்காரன். நன்றாகத் தமிழ் பேசுவான். அண்ணனோடு சேர்ந்து ஆற்றில் தூண்டில் போட்டவன். தனியாக இருந்திருந்தால் டின்னை மூடி, போ என்று கையைக் காட்டியிருப்பான். அன்றைக்குப் புதிதாக மாற்றலாகி வந்த கார்ப்பரல் ஒருவர் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றார். அவர் டின்னை வாங்கினார். விரலை விட்டு முகர்ந்தார். பிறகு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

நாக்கில் வைத்த பிறகு அது சாப்பாட்டுச் சாமான் ஆகிவிட்டது.

அண்ணன் கத்தவில்லை. கார்ப்பரலிடம் மலாயில் இரண்டு முறை அதையே சொன்னார். பம்பு, பம்பு என்று கையால் சுற்றிக் காட்டினார். லாரியில் ஏறச் சொன்னதும் சைக்கிளை என் கையில் கொடுத்தார்.

“பாப்பா, பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு. ஏறி ஓட்டிடாத. தள்ளிக்கிட்டே போ.”

அண்ணன் வாயிலிருந்து நான் கேட்ட கடைசிப் பேச்சு இதுதான்.

கேட்டைத் தாண்டாத சாமான்கள்

இந்தத் தொடரில் போன வாரம், ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டதைச் சொன்னேன். வேலி போட்ட பிறகு வந்த சட்டத்தைச் சொல்லவில்லை. அரிசி, சீனி, எண்ணெய், டின் மீன், பால் எதுவும் கேட்டைத் தாண்டி வெளியே போகக் கூடாது. போனால் காட்டுக்காரர்களுக்குப் போய்ச் சேரும் என்பது அரசாங்கத்தின் பயம். காட்டில் துப்பாக்கியோடு இருந்தவர்களை நாங்கள் காட்டுக்காரர்கள் என்றுதான் சொல்வோம்.

நாங்கள் வெறும் வயிற்றோடு ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டப் போனோம். மத்தியானம் திரும்பி வந்துதான் சோறு.

அதிலும் சிரிப்பு இருந்தது. பக்கத்து வீட்டு முனியம்மாக்கா தலையில் எண்ணெய் வழிய வழியப் பூசுகிறவர். ஒருநாள் சோதனை பார்க்கிற அம்மா அவர் தலையைத் தொட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். முனியம்மாக்கா அசரவில்லை. “நல்லா பாத்துக்கம்மா. என் தலைய வழிச்சா காட்டுக்காரன் அப்பளம் பொரிச்சிருவான்,” என்றார். வரிசையே சிரித்தது. மாட் நூரும் சிரித்தான். அண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது எனக்குக் கண்ணிலேயே இருக்கிறது.

எண்ணெய் என்ற பேச்சு அப்போது எங்களுக்கு அவ்வளவு லேசாக இருந்தது.

மணல் தின்கிற சந்து

பாச்சாங்கிலிருந்து ஓர் அக்கா பத்திரிகை ஆசிரியருக்கு எழுதியிருந்தாராம். இந்தப் பெண் வாரா வாரம் பம்பு பம்பு என்கிறாளே, அதை அடைக்கக் கயிறு எதற்கு என்று. நியாயமான கேள்வி. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் விளங்காது.

லம்பம் என்றால் ஈயம் எடுக்கிற இடம். பெம்பானுக்கு அப்பால், எங்கள் தோட்டத்தை ஒட்டி தவுக்கே என்று நாங்கள் சொல்கிற ஒரு சீன முதலாளியின் சின்ன லம்பம் இருந்தது. அங்கே குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி மண்மேட்டைக் கரைப்பார்கள். மண்ணும் மணலும் கல்லும் சேறாக ஓடிவந்து ஒரு குழியில் விழும். அந்தச் சேற்றை உறிஞ்சி மேலே ஏற்றுவது பம்பு. மேலே, தென்னை உயரத்துக்கு மரக்கால் நட்டுக் கட்டிய நீளமான பலகை வாய்க்கால் இருக்கும். அதற்குப் பாலோங் என்று பெயர். சேறு அதில் இறங்கி ஓடும்போது, ஈயம் கனத்தால் அடியில் தங்கிவிடும்.

பம்புக்குள்ளே ஒரு சக்கரம் சுற்றும். அதைச் சுற்றுகிற இரும்புத் தண்டு வெளியிலிருந்துதான் உள்ளே போகிறது. தண்டு நுழைகிற இடத்தில் ஒரு சந்து இருந்தே ஆகவேண்டும். இல்லையென்றால் தண்டு சுற்றாது. அந்தச் சந்தில், எண்ணெயில் ஊறின கயிற்றை வளையம் வளையமாக வைத்து அடைத்து, மேலே இரும்பு மூடி போட்டு நட்டை முடுக்குவார்கள்.

கயிறு மட்டும் போதாது. சேற்று மணல் கயிற்றுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். தண்டு சுற்றச் சுற்ற அந்த மணல் அரம் மாதிரி அறுக்கும். கயிறு பிய்ந்துபோகும், தண்டில் பள்ளம் விழும், சேறு வெளியே பீச்சியடிக்கும்.

அதனால் கயிற்று வளையங்களுக்கு நடுவில் துளை போட்ட ஒரு பித்தளை வளையத்தை வைத்து, வெளியிலிருந்து ஒரு சின்னக் குழாய் வழியாக நல்ல தண்ணீரை அதற்குள் விடுவார்கள். பம்புக்குள் இருக்கிற சேற்றைவிட இந்தத் தண்ணீருக்கு அழுத்தம் அதிகம் வேண்டும். அப்போதுதான் அது மணலை உள்பக்கமே தள்ளி நிறுத்தும். அழுத்தத்துக்காகத் தண்ணீர்த் தொட்டியைக் குன்றின்மேல், பாலோங்கின் தலையைவிட உயரத்தில் வைத்திருந்தார்கள். ஓடைத் தண்ணீர் அந்தத் தொட்டியில் தெளிந்து, குழாயில் இறங்கி வரும்.

மூடி எப்போதும் கொஞ்சம் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். புது ஆள் வந்தால், ஒழுகுகிறதே என்று நட்டை முடுக்கிவிடுவான். சொட்டு நின்றால் கயிறு காய்ந்து புகையும். அண்ணன் அந்தச் சொட்டை உள்ளங்கையில் ஏந்தி, கட்டைவிரலால் தேய்த்துப் பார்ப்பாராம். வழவழவென்றிருந்தால் சரி. நறநறத்தால் மணல் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வீட்டில் ரசம் ஊற்றினால்கூட விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, “மணல் இல்ல, சாப்பிடலாம்,” என்பார். நான் கரண்டியால் கையில் அடிப்பேன்.

சாமியும் கொழுப்பும்

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவை சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிப் போனார்கள். லாரியில் ஏறும்போது அப்பா என்ன சொன்னார் என்று அண்ணனிடம் பல தடவை கேட்டிருக்கிறேன். “ஒண்ணும் சொல்லல. வேட்டிய இறுக்கிக் கட்டினாரு,” என்பார். அம்மா அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. நான் மூன்றாவது வகுப்போடு தோட்டப் பள்ளிக்கூடத்தை விட்டேன். அண்ணன் தோட்டத்து ரப்பர் ஆலையில் எஞ்சின் துடைத்து, பிறகு லம்பத்தில் பம்பு பார்க்கப் போனார். சோறு போட்டது, சடை பின்னிவிட்டது எல்லாம் அவர்தான். சடை கோணலாகத்தான் வரும்.

ஆடி மாதம் எனக்குக் குடல் காய்ச்சல் வந்தது. தலைமுடி கொட்டிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசர், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடு என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார். சொல்வதற்கு யாரும் இல்லை. அண்ணன் வெளியே போய், மாசி மகத்துக்கு சன்னாசி மலைக் கோயிலில் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். நான் பிழைத்தேன்.

அன்றிலிருந்து அண்ணன் கவிச்சியை விட்டார். அதோடு இன்னொன்றையும் விட்டார். லம்பத்தில் கயிறு ஊற வைக்க மாட்டுக் கொழுப்புத்தான் கொடுப்பார்கள். தண்டு வழுக்கிச் சுற்றுவதற்காகக் கறுப்புப் பொடியும் கொழுப்பும் பிசைந்து கயிற்றில் ஏற்றுவார்கள். காவடி இறக்குகிற வரைக்கும் அதைத் தொட மாட்டேன் என்றார்.

லம்பத்தில் எஞ்சின் பார்த்த ஆ செங் அவரை விடவில்லை. ஆ செங்குக்கு அப்பா வயது இருக்கும். பாதி மலாயும் பாதி தமிழுமாகப் பேசுவார்.

“மாரி, உன் சாமி பம்பு உள்ளே எட்டித் தெங்கோ கா?”

“பாக்கும் லா. உனக்குத் தெரியாது.”

“பாத்தா கண்ணுல மணல் போகும். அப்புறம் சாமிக்கு யாரு மருந்து போடும்?”

“நீ போடு. சீன மருந்துதான நல்லது.”

இதை அண்ணன் வீட்டில் வந்து நடித்துக் காட்டுவார். ஆ செங்கின் குரல் அப்படியே வரும்.

அப்படித்தான் தேங்காய் எண்ணெய்க் கயிறு வந்தது. காய்ச்சலுக்குப் பிறகு சில மாதம் எனக்கு மரம் வெட்டப் போகிற தெம்பு இல்லை. வீட்டு அடுப்பில் எண்ணெயைச் சுட வைத்து, கறுப்புப் பொடியைத் தூவி, கயிற்றை முக்கி முக்கி எடுத்துக் கொடியில் தொங்கவிடுவேன். லயத்துத் தண்ணீர்க் குழாயடியில் என் விரல்களைப் பார்த்து, “பொண்ணு பாக்க வந்தா கைய முந்தானைக்குள்ள வச்சுக்கடி, அஞ்சல,” என்பார் முனியம்மாக்கா. நகக்கண் வரைக்கும் கறுப்பு. வீடெல்லாம் எண்ணெய் வாடை.

கொழுப்பைவிட எண்ணெய் சீக்கிரம் கழுவிப் போகும் என்று ஆ செங் முதலில் முறைத்தார். அண்ணன் தொட்டித் தண்ணீரை இன்னும் சுத்தமாக வைத்துக்கொண்டார். கயிறு தாங்கியது.

கறுப்புக் கயிற்றை கேட்டில் யாரும் முகர்ந்து பார்த்ததில்லை. எஞ்சின் அழுக்கு என்று விட்டுவிடுவார்கள்.

கிராணி சொன்ன வழி

அண்ணனைக் கொண்டுபோன அன்றே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு லம்பத்துக்குப் போனேன். அங்கே ஆபீசில் கணக்கு எழுதுகிற பொன்னையா கிராணி இருந்தார். சிலோன்காரர். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு சொட்டுச் சேறு படாமல் அந்த லம்பத்தில் நடக்கிற ஒரே ஆள்.

“தங்கச்சி, போலீஸ் வெள்ளைக்காரத் துரை எனக்கு முன்னமே போன் பண்ணினவர். லம்பத்தில கொழுப்பு குடுக்கிறதோ எண்டு கேட்டார். ஓம் எண்டன். குடுக்கிறதுதானே. அப்ப எண்ணெய் என்னத்துக்கு எண்டிட்டு போனை வச்சிட்டார்.”

“மாட்டுக் கொழுப்புய்யா அது. அண்ணன் தொட மாட்டாரு. அதைச் சொல்லுங்கய்யா.”

கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பயந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அந்த நாளில் பிடிபட்டவனுக்காகப் பேசுகிற ஆளையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். ஆனால் அவர் மறுபடி போன் போட்டார். இங்கிலீசில் நீளமாகப் பேசினார்.

“சாமிக் காரியம் எண்டால் அவருக்கு விளங்குது. இந்தியாவில பட்டாளத்தில இருந்தவராம். ஆனா பேச்சு போதாதாம். உண்மையா தேங்காய் எண்ணெயிலதான் கயிறு போடுறான் எண்டால் பம்புக்குள்ள இருக்க வேணுமே, கழட்டிக் காட்டு எண்டுறார்.”

எனக்கு உயிர் வந்தது. கயிறு உள்ளேதான் இருந்தது. நான் முக்கி எடுத்த கயிறு.

தவுக்கே பம்பை நிறுத்தச் சம்மதிக்கவில்லை. பாலோங்கைக் கழுவி ஈயத்தை அள்ளுகிற நாளன்று எப்படியும் நிறுத்துவார்கள், அன்றைக்குத் துரை வந்து பார்க்கட்டும் என்றார். அதற்கு இன்னும் பல நாள் இருந்தது.

ஆ செங் என்னைப் பம்பு வீட்டுக்குக் கூட்டிப் போனார். மூடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் உள்ளங்கையை நீட்டினேன். கட்டைவிரலால் தேய்த்தேன். வழவழவென்றுதான் இருந்தது.

“கயிறு தேஞ்சா நான் புதுசு வைக்கணும். புதுசுன்னா கொழுப்பு,” என்றார் ஆ செங். “நான் வைக்க மாட்டேன். நட்டு மட்டும் கொஞ்சம் கொஞ்சம் முடுக்குவேன். ஆனா தொட்டி, தண்ணி, அது நீ பாரு. மணல் வந்தா உள்ள இருக்கறது பூரா கஞ்சி.”

மஞ்சள் வேட்டி

தொட்டி பார்க்கிற வேலையை கிராணி எனக்கு வாங்கிக் கொடுத்தார். காலையில் கேட் திறந்ததும் போவேன். ஊரடங்குக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும்.

வேலை இதுதான். ஓடையிலிருந்து தண்ணீர் மூங்கில் வழியாக முதல் தொட்டியில் விழும். அதில் வண்டல் அடியில் தங்கும். தெளிந்தது வழிந்து இரண்டாவது தொட்டிக்குப் போகும். நடுவில் சாக்குத் துணி கட்டி வடிகட்ட வேண்டும். இலை, பாசி, தவளை எல்லாவற்றையும் எடுத்துப்போட வேண்டும். அடி வண்டலை மண்வெட்டியால் வாரிக் கொட்ட வேண்டும்.

குன்றின்மேல் நின்றால் எல்லாம் தெரியும். கீழே குழி, பம்பு வீட்டுத் தகரம், பாலோங். ரப்பர் மரத்துக்கு நடுவில் எங்கள் வேலி. எங்கோ தூரத்தில் ஒரு சாலை. அந்தச் சாலையில் லாரி போனால் அண்ணன் எந்தச் சாலையில் போயிருப்பார் என்று நினைப்பேன். வேறு மாநிலத்தில் ஒரு முகாமில் வைத்திருப்பதாக மட்டும் சொன்னார்கள். பார்க்க விடவில்லை.

பிறகு மழை பிடித்தது. விடவே இல்லை. மேலே யாரோ காட்டை வெட்டியிருந்தார்கள் போல. ஓடை டீத்தண்ணி நிறத்தில் வந்தது. சாக்குத் துணியைத் தாண்டிச் செம்மண் நேராக இரண்டாவது தொட்டிக்கு ஓடியது. இரண்டு சாக்கு போட்டேன். அடைத்துக்கொண்டு மேலே வழிந்தது. கீழே ஓடிப்போய் மூடிக்குக் கீழே கையை நீட்டினேன். சொட்டு கலங்கியிருந்தது. விரலில் நறநறத்தது.

“அலாமாக்,” என்றார் ஆ செங். அவரும் ஒரு சொட்டை ஏந்தித் தேய்த்துப் பார்த்தார்.

மறுநாள் காலை அண்ணனின் தகரப் பெட்டியைத் திறந்தேன். காவடிக்கென்று வாங்கி, மஞ்சளில் நனைத்துக் காய வைத்திருந்த புது வேட்டி அதில் இருந்தது. நெசவு நெருக்கமான துணி. அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டினேன்.

சாக்குக்குப் பதிலாக அதை நாலாக மடித்துக் கட்டியபோது மண் நின்றது. ஆனால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அவிழ்த்து, மழையிலேயே அலசி, மறுபடி கட்ட வேண்டும். அவிழ்க்கிற நேரத்தில் மூங்கிலைக் காலால் தள்ளிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அட்டை ஏறிய காலை உதறக்கூட நேரம் இல்லை. விரல் தோல் வெளுத்துச் சுருங்கியது. அந்த வேட்டியில் மஞ்சள் போய், மண் ஏறி, மரப்பட்டை நிறம் வந்தது. காவடிக்கு வேறு வேட்டி வாங்கிக்கொள்ளலாம், ஆள் வரட்டும் என்று நினைத்தேன்.

அதை நான் சத்தமாகவே சொன்னேன். தொட்டியிடம்தான் சொன்னேன். அங்கே வேறு யாரும் இல்லை.

சில நாளில் சொட்டு மறுபடி தெளிந்தது. ஆனால் முன்னைவிட அதிகமாக ஒழுகியது. உள் கயிற்றை மணல் கடித்துவிட்டது என்றார் ஆ செங். எவ்வளவு மிச்சம் என்று கழற்றினால்தான் தெரியும்.

துரை முகர்ந்து பார்த்தார்

பாலோங் கழுவுகிற நாள் மழை இல்லை. எஞ்சினை நிறுத்தியதும் லம்பம் முழுக்க ஓர் அமைதி. காது அடைத்த மாதிரி இருந்தது. ஜீப்பில் துரை வந்தார். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். மூக்கெல்லாம் வெயிலில் உரிந்திருந்தது. மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

ஆ செங் நட்டுகளைக் கழற்றி மூடியைப் பின்னால் இழுத்தார். முனையில் திருகு வைத்த கம்பியைச் சந்துக்குள் விட்டுச் சுழற்றி, மெதுவாக இழுத்தார்.

முதல் வளையம் முழுசாக வந்தது. கறுப்பாக, பளபளவென்று. இரண்டாவதும் அப்படியே. பிறகு பித்தளை வளையம். அதற்கு உள்ளே இருந்தது பாதிதான் வந்தது. மிச்சம் மணலும் நாருமாகக் கஞ்சி. நல்ல தண்ணீர் அதுவரைக்கும் மணலை நிறுத்தி வைத்திருந்தது.

நான் முதல் வளையத்தை எடுத்துப் பிரித்தேன். நடுவில் எண்ணெய் இன்னும் இருந்தது. சிக்குப் பிடித்த தேங்காய் எண்ணெய் வாடை, எங்கள் வீட்டு வாடை, குப்பென்று வந்தது. இரண்டு கையாலும் துரையிடம் நீட்டினேன்.

அவர் வாங்கி முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். கிராணியைப் பார்த்து ஏதோ சொன்னார்.

“தேங்காய் எண்ணெய்தான் எண்டுறார்,” என்றார் கிராணி. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

துரை இன்னொன்று கேட்டார். கிராணி ஆ செங்குக்கு மலாயில் சொன்னார். எவ்வளவு நாளாக இந்தக் கயிறு போடுகிறீர்கள்.

“லாமா,” என்றார் ஆ செங். ரொம்ப நாளாக. கைவிரலை மடக்கி மாதங்களை எண்ணிக் காட்டினார். “செலாலு. எப்பவும் இதுதான். மாரி வேற வைக்க மாட்டான்.”

கேட்டில் எப்படிக் கொண்டுவருவான் என்று கேட்டார் துரை. அதற்கு நான் பதில் சொன்னேன். கறுப்புப் பொடி போட்டுக் கொண்டுவருவார், அன்றைக்கு மட்டும்தான் பொடி இல்லை என்றேன். கிராணி அதை இங்கிலீசில் சொல்ல ஆரம்பித்து, நடுவில் நிறுத்தினார். துரை, சொல்லு என்பது போல் தலையை ஆட்டினார். கிராணி முடித்தார்.

துரை எழுதிக்கொண்டார். கயிற்று வளையங்களை ஒரு காகித உறையில் போடச் சொல்லி வாங்கிக்கொண்டார். எனக்கு மறுபடி தலையை அசைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

“அண்ணன் எப்பய்யா வருவாரு?” என்று கேட்டேன்.

கிராணியின் வெள்ளைக் கால்சட்டையில் கயிற்றிலிருந்து தெறித்த கறுப்பு இருந்தது. அவர் அதைத் தட்டவில்லை.

“தங்கச்சி, நாங்கள் உள்ளதைத்தான் சொன்னனாங்கள்.”

“ஆமாய்யா.”

“அவர் எடுத்த விதம் வேற. ஒரு நாள் எண்ணெய் எண்டால் தெரியாமல் கொண்டு போனான் எண்டு விடலாமாம். இது மாதக்கணக்கா, கறுப்புப் பொடி போட்டு மறைச்சுக் கொண்டு போயிருக்கிறானாம். கயிறு போக மிச்ச எண்ணெய் எங்க போச்சு எண்டு கேக்கிறார்.”

ஆ செங்குக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கியது. கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டு, பம்பின்மேல் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, கொழுப்புக் கயிற்றை எடுத்து வந்து சந்தை அடைத்தார். பம்பு ஓடத்தானே வேண்டும்.

காய்ச்சல் என்றார்கள்

தை மாதம் மாட் நூர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தான். கேட்டை விட்டு உள்ளே அவன் வந்தது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு துணி மூட்டை. அண்ணனின் சட்டையும் சாரமும். தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

முகாமில் வயிற்றுக் கடுப்பு பரவியதாம், காய்ச்சலும் சேர்ந்துகொண்டதாம். அண்ணனை அங்கேயே புதைத்துவிட்டார்கள். எந்த இடம் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை.

“டயர்ல காத்து அடிச்சிட்டியா?” என்று கேட்டான். அன்றைக்கு அண்ணன் சொன்னதை அவனும் கேட்டிருக்கிறான். நான் தலையை ஆட்டினேன். பொய்தான். நான் இன்னும் காற்று அடிக்கவில்லை.

சட்டையை முகர்ந்து பார்த்தேன். கார்பாலிக் சோப்பு வாடை. எண்ணெய் வாடை துளிகூட இல்லை.

மாசி மகம்

அண்ணனின் காவடி என் உயிருக்காக வேண்டியது. அதைச் செலுத்தாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. முனியம்மாக்கா பால்குடம் எடு என்றார். பிறகு அவரே வாயை மூடிக்கொண்டார். பால் சாப்பாட்டுச் சாமான். கேட்டைத் தாண்டாது. போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்றால், வீட்டிலிருந்து தூக்கிப் போவதுதானே வேண்டுதல்.

முதல் நாள் சாயங்காலம் வேலை முடிந்து, இரண்டாவது தொட்டியிலிருந்து ஒரு பித்தளைக் குடம் தண்ணீர் மொண்டேன். அண்ணன் அத்தனை மாதம் தெளிய வைத்த தண்ணீர். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். மணல் இல்லை. குடத்தின் வாயில் அந்த வேட்டியைக் கிழித்துக் கட்டினேன். எவ்வளவு அலசியும் மஞ்சள் திரும்பவில்லை.

விடிந்ததும் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கேட் வரிசையில் நின்றேன். மலைக்குப் போகிற லாரி வெளியே காத்திருந்தது. மாட் நூர் இருந்தான். அந்தக் கார்ப்பரலும் இருந்தார்.

“திறக்கச் சொல்லு,” என்றார் கார்ப்பரல்.

நான் குடத்தை இறக்கித் துணியை அவிழ்த்தேன். மாட் நூர் என் முகத்தைப் பார்க்கவில்லை. விரலை உள்ளே விட்டான். முகர்ந்தான். கார்ப்பரல் பார்த்துக்கொண்டே இருந்ததால், நாக்கிலும் வைத்துப் பார்த்தான்.

“ஆயர்,” என்றான். தண்ணீர்.

கார்ப்பரல் கையைக் காட்டினார். நான் துணியைக் கட்டி, குடத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.